கத்திரி வெயிலில் கிளம்பாத பெட்டி

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று தொடங்கியது. வேலூரில் அதைக் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லில் வைத்த மாதிரி இருக்கிறது.

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன், ஆறிப்போவதற்குள்.

ஜூன் ஒன்றாம் தேதி இங்கே ஒரு கல்லூரி அரங்கில் வீடியோ கேம் போட்டி. ஒருவருக்கு எதிராக ஒருவர் மோதும் சண்டை விளையாட்டு. நேற்று எல்லோரும் வந்து பெயர் கொடுத்து, இயந்திரங்களைச் சரிபார்க்கும் நாள். மற்றவர்கள் அங்கே வைத்திருக்கும் கேம் பெட்டிகளிலேயே ஆடலாம். என்னால் முடியாது. எனக்குத் தசைச் சிதைவு நோய். பத்தொன்பது வயதிலிருந்து சக்கர நாற்காலி; இப்போது முப்பத்தொன்று. கடையில் விற்கும் கன்ட்ரோலரைத் தூக்கிப் பிடிக்கக்கூட எனக்கு வலு இல்லை. அதனால் என் பெட்டியைத் திறந்து, உள்ளே நானே செய்த ஒரு சின்ன போர்டைச் சேர்த்து, அதிலிருந்து வயர்களை வெளியே இழுத்து, ஒவ்வொரு வயரின் முனையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். நாற்காலியின் பலகைமேல் அவை பரவியிருக்கும். தொட்டால் போதும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். மூன்று வருடத்துக்கு முன் ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் ராடு பிடிக்கிற கை எனக்கு இருந்தது.

வீட்டார் என்னையும் பெட்டியையும் மாடியிலிருந்து தூக்கி இறக்கி, ஆட்டோவில் உச்சி வெயிலில் கொண்டுபோனார்கள். சுவிட்சைப் போட்டதும் ஆரஞ்சு விளக்கு இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. மறுபடி போட்டோம். மறுபடி அதே. அரங்கமே என் நாற்காலியைச் சுற்றி நின்று பார்த்தது. போட்டி நடத்தும் சுதர்சன் என்பவர் மிகவும் மரியாதையாக, "பரவால்ல மேடம், பாத்துக்கலாம்" என்றார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, வெயில் தாழ்ந்தபின் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது.

மே 5, திங்கள்

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பெட்டியின் சீலை உடைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அப்படியானால் தொடமாட்டோம் என்றார்கள். நான் உள்ளே வைத்த போர்டுதான் காரணமாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். பெட்டியைப் பார்க்காமலே.

சரி. நானே பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குக் கையாக இருக்கப்போவது கிருபா அண்ணி. பக்கத்துத் தெருப் பள்ளியில் கணக்கு டீச்சர். மே மாதம் விடுமுறை. இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. தினமும் என்னைக் குளிப்பாட்டித் தலை வாரிவிடுபவர். ஆனாலும் சாப்பாடு, மாத்திரை, தண்ணீர் மோட்டார் தவிர நாங்கள் பெரிதாக எதுவும் பேசிக்கொண்டதில்லை. இன்று கையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து, "சொல்லு, எத முதல்ல கழட்டணும்?" என்றார்.

உள்ளே அவ்வளவு தூசி. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். அண்ணி ஏழு முறை தும்மினார். மத்தியானம் போட்டுப் பார்த்தோம். கிளம்பவில்லை.

மே 7, புதன்

சூட்டை இழுக்கச் சிப்புக்கு மேலே தடவும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினோம். காலையில் கிளம்பியது. மத்தியானம் இல்லை.

ஒன்று மட்டும் புரிகிறது. ஓடி ஓடிச் சூடாகி நின்றுபோனால் அது ஒரு கோளாறு. இது அப்படி இல்லை. காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்தாலும், அறைச் சூட்டிலேயே இது எழுந்திருக்க மறுக்கிறது. ஆக, இது தன் சூட்டால் சாகவில்லை. சூடான எதுவோ ஒன்று அதைக் கிளம்பவே விடுவதில்லை.

அண்ணி கேட்டார்: "நீ வெச்ச போர்டக் கழட்டிட்டு ஒரு தடவ போட்டுப் பாத்தா என்ன, பியூலா?"

அதெல்லாம் தேவையில்லை என்றேன். கழற்றினால் திரும்ப மாட்டுவது பெரிய வேலை.

(ஒரு பிளக்தான். ஆனால் எனக்கு இப்போது அதில் நேரம் செலவழிக்க விருப்பமில்லை.)

மே 9, வெள்ளி

சுதர்சனிடமிருந்து மெயில். மாற்றியமைத்த இயந்திரங்களை அனுமதிப்பதில் குழுவுக்குத் தயக்கமாம். மற்ற போட்டியாளர்கள் ஆட்சேபிக்கலாமாம். ஆனால் என் ஆர்வம் எல்லோருக்கும் ஓர் எடுத்துக்காட்டாக இருப்பதால், சிறப்பு விருந்தினராக வந்து வெற்றி பெற்றவர்களுக்கு என் கையால் பரிசு வழங்க வேண்டுமாம்.

இரண்டு முறை படித்தேன். பிறகு போன் செய்தேன்.

நான் பரிசு கொடுக்கப் பெயர் கொடுக்கவில்லை, ஆடத்தான் கொடுத்தேன் என்றேன். அவர் நல்லவர்தான். குரலில் சங்கடம் தெரிந்தது. மாற்றிய பெட்டியில் ஏமாற்று வேலை இல்லை என்று தான் எப்படி உறுதி கொடுக்க முடியும் என்றார். தவிர அன்றைக்கும் அது கிளம்பாமல் போனால் எனக்குத்தானே அவமானம் என்றார்.

"என் அவமானத்த நான் பாத்துக்கறேன் சார். இருபத்தஞ்சாம் தேதி மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க வீட்டுக்கு வாங்க. என் ரூம்லயே போட்டுக் காட்டறேன். தொறந்தும் காட்டறேன். அதுக்கப்புறம் வேணாம்னு சொல்லுங்க."

 வருகிறேன் என்றார்.

வைத்த பிறகுதான் யோசித்தேன். இந்த வீட்டிலேயே சூடான இடம் இந்த அறை. நாளிலேயே சூடான நேரம் இரண்டு மணி. இருக்கட்டும். அங்கே கிளம்பினால் எங்கேயும் கிளம்பும்.

மே 10, சனி

காலையில் பெட்டி கிளம்பியதால் கொஞ்சம் பயிற்சி. இரண்டாவது பட்டன் சரியாக அழுந்தவில்லை. வலது கட்டைவிரலுக்கு வைத்த பட்டன். அண்ணியைத் துடைக்கச் சொன்னேன். துடைத்தார். தூசி இன்னும் உள்ளே இருக்க வேண்டும்.

மே 12, திங்கள்

இரண்டாவது பட்டனின் ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னேன். மாற்றினார். தன் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு" என்றார். வெயிலில் பிளாஸ்டிக் விரியும், அதனால் இறுகும் என்று விளக்கினேன். அவர் ஸ்க்ரூவை முடுக்கி வைத்தார்.

மே 13, செவ்வாய்

ஃபேனை மாற்றினோம். கிளம்பவில்லை.

மே 15, வியாழன்

அண்ணன் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். இன்று ஷிஃப்ட் முடிந்து வரும்போது கையில் பெரிய அட்டைப்பெட்டி. சீல் உடையாத புதுப் பெட்டி. என் மடியில் வைத்தான்.

"இன்னாத்துக்கு அந்த ஓட்டப் பெட்டியோட மல்லுக்கட்டிகினு இருக்க? இத வெச்சுக்கோ. கியாரண்டி இருக்குது."

அவன் முகத்தில் சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு ஆசையில்லை. ஆனாலும் கேட்டேன்: "இத எந்தக் கையால ஆடறதுண்ணா?"

சந்தோஷம் போய்விட்டது. இதையும் திறந்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்றான். மாற்றினால் அந்த கியாரண்டி என்ன ஆகும் என்றேன். பிறகு அவன் வேறொன்றைச் சொன்னான். நான் இப்படி ராத்திரி பகல் இதிலேயே கிடந்து, கடைசியில் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து வருவதைப் பார்க்க அவனால் முடியாதாம். மூன்றாம் தேதி அரங்கத்தில் அவனும் நின்றான். அதை நான் மறந்துவிட்டிருந்தேன்.

"பாக்க முடியலன்னா நீ வராத" என்றேன்.

அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே போனான். நான் சொன்னது தப்பில்லை. குரல் கொஞ்சம் அதிகம்.

மே 18, ஞாயிறு

அண்ணன் மட்டும் சர்ச்சுக்குப் போனான். அண்ணி தலைவலி என்று நின்றுகொண்டார். அவன் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் மேலே வந்தார். தலைவலியைக் காணோம்.

"பியூலா, இன்னிக்கி அந்த போர்டக் கழட்டறோம்."

நான் பழைய காரணத்தைச் சொன்னேன்.

"ஒரு பிளக்கு. நான் அன்னிக்கே பாத்துட்டேன்" என்றார். "உன்னுது தப்பா இருந்தா சரி பண்ணலாம். எதுக்குப் பயப்படற?"

பயமெல்லாம் இல்லை. எழுதுகிறேன், பயம் இல்லை. அந்த போர்டுதான் நான் கடைசியாகச் சால்டர் செய்தது. அதற்குப் பிறகு ராடைக் கை தாங்கவில்லை. செய்யும்போதே கை கொஞ்சம் ஆடியது. அதனால் யாராவது ஒருவர் அதைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் எரிச்சல் வரும், அவ்வளவுதான்.

வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். அறை கொதித்த பிறகு, "கழட்டுங்க" என்றேன். அண்ணி என் போர்டின் பிளக்கைப் பிடுங்கிக் கட்டில்மேல் வைத்தார். இப்போது அது கடையில் வாங்கியபோது இருந்த வெறும் பெட்டி. சுவிட்சைப் போட்டார்.

ஆரஞ்சு விளக்கு இரண்டு முறை சிமிட்டி அணைந்தது.

என் போர்டு இல்லாமலே கிளம்பவில்லை. என்னுடையதில் கோளாறு இல்லை.

நான் சிரித்தேன். அண்ணி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அந்த அறையில் யாருக்குத்தான் வேர்க்காது.

மே 19, திங்கள்

இனி எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். அண்ணியின் கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்த முடி உலர்த்தும் டிரையர் ஒன்று பீரோவில் கிடந்தது. விடியற்காலையில், அறை கொஞ்சம் குளிர்ந்திருக்கும்போது, மூடியைக் கழற்றிவைத்து ஒவ்வொரு பாகமாக அதன் சூட்டைக் காட்டினோம். என் போர்டுக்குக் காட்டிப் போட்டோம்: கிளம்பியது. பெரிய சிப்புக்கு: கிளம்பியது. பவர் சப்ளை இருக்கும் கறுப்புக் கூட்டுக்குக் காட்டினோம்.

செத்தது.

அண்ணி டிரையரைத் துப்பாக்கி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாட்டிக்கிச்சு" என்றார். மறுபடி செய்து பார்க்கலாமா என்று அவரே கேட்டார். ஆற வைத்து மறுபடி செய்தோம். மறுபடி செத்தது. கணக்கு டீச்சர் அல்லவா, இன்னொரு முறையும் செய்தார்.

மே 21, புதன்

பவர் சப்ளையை உடனே திறக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். கை வைத்தால் தூக்கியடிக்கும். நேற்று முழுக்க அதைத் தனியாக எடுத்து அலமாரியில் வைத்திருந்தோம். அண்ணிக்கு அதுவரை பொறுக்கவில்லை. இன்று திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று என் பழைய மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். இல்லை.

பலகையைத் திருப்பிப் போனின் வெளிச்சத்தில், பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு புள்ளியாகப் பார்க்கச் சொன்னேன். ஒரு தடித்த கம்பியைச் சுற்றி, ஈயத்தில், நூல் போல ஒரு வட்டக் கீறல். குளிரில் ஒட்டிக்கொள்கிறது. சூட்டில் விலகிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

தொழிற்சாலையில் வைத்த புள்ளி அது. சீல் வைத்த கூட்டுக்குள் இருந்தது. நான் தொடாத இடம்.

அண்ணி இதுவரை சால்டரிங் செய்ததில்லை. முதலில் ஒரு பழைய ரேடியோப் பலகையில் பழகினார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்: ஈயத்தைச் சுடாதீர்கள், கம்பியைச் சுடுங்கள், ஈயம் தானாக உருகி ஓடும். முதலில் வந்ததெல்லாம் இலந்தைக் கொட்டை மாதிரி உருண்டைகள். போகப்போகப் பளபளவென்று படிய ஆரம்பித்தது. விரலில் ஒரு சூடு. தண்ணீரில் முக்கிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் நிஜப் புள்ளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார்.

மத்தியானம் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பெட்டியை மேற்குச் சுவரோடு ஒட்டிவைத்தோம். போட்டார். கிளம்பியது. அணைத்துப் போட்டார். கிளம்பியது. எனக்குத் தலை சுற்றும்வரை போட்டுக்கொண்டே இருந்தோம்.

மே 22, வியாழன்

நாள் முழுக்கப் பயிற்சி. பெட்டி ஒரு முறைகூடத் தகராறு செய்யவில்லை.

தோற்றுக்கொண்டே இருந்தேன்.

மே 23, வெள்ளி

இன்றும் தோற்றேன். மூன்று மாதம் முன்பு கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்த கட்டங்களில். பெட்டி நன்றாக இருக்கிறது. பட்டன் நன்றாக இருக்கிறது. ஸ்பிரிங் புதிது. அறை காலையில் குளிர்ந்தே இருந்தது. இனி வேறெதையும் குறைசொல்ல எனக்கு இல்லை.

அண்ணி காபி கொண்டுவந்தபோது சொன்னேன்.

"அண்ணி, வலது கட்டைவிரல் வேல செய்யல. ரெண்டு மாசமா."

காபியை ஆற்றிக்கொண்டே, "தெரியும்மா" என்றார். "தெனமும் சோப்பு போடறது யாரு?"

எனக்கு அப்போது என்ன வந்ததென்று எழுதத் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தலாம் போல இருந்தது. நான் சொல்லாததை அவர் எப்படிச் சொல்வார்?

திரும்ப வருமா என்று அவர் கேட்கவில்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றும், அடுத்த வாரம் தானே கூட வருவதாகச் சொன்னார். பிறகு கேட்டார்: "ரெண்டாவது பட்டன எங்க வெக்கலாம்?"

தாடை இருக்கிறது. தாடை என் பேச்சைக் கேட்கிறது. நாற்காலியின் கைப்பிடியிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை வளைத்து, முகத்துக்குக் கீழே பட்டனைக் கட்டினார். வயரை நீட்டிச் சால்டர் செய்தார். நான் சொல்லித்தரவில்லை. கேட்கவும் இல்லை அவர்.

முதல் நாள் என்பதால் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் ஜெயித்தேன், இரண்டு கட்டம்.

மே 25, ஞாயிறு

சுதர்சன் சொன்ன நேரத்துக்கு வந்தார். மாடி ஏறி அறைக்குள் நுழைந்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மின்விசிறியைப் போடட்டுமா என்று அண்ணி கேட்டார். "வேணாம், மெஷினப் பாத்துட்டுப் போட்டுக்கலாம்" என்று நான் சொன்னேன். பாவம், தலையாட்டினார்.

கிளம்பியது. அவரையே போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் கிளம்பியது. மூடியைக் கழற்றிக் காட்டினோம். ஒரு பட்டனை ஒருமுறை தொட்டால் திரையில் ஓர் அசைவுதான் வருகிறதா என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். நியாயமான சந்தேகம், நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன். தாடைப் பட்டனைக் குனிந்து தன் தாடையால் அழுத்தப் பார்த்தார். இரண்டு முறை தவறியது.

அன்றைக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்டார். கீறல் விழுந்த புள்ளியைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப நீங்க மாத்துனதுல பிரச்சன இல்லயா?"

"மாத்தாததுலதான் சார் இருந்துச்சு."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, ஒன்றாம் தேதி காலையில் வந்துவிடச் சொன்னார். விருந்தினர் இருக்கை பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அண்ணி மோர் கொடுத்தார்.

மே 29, வியாழன்

டாக்டரிடம் போனோம். சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. பயிற்சி: காலையும் மாலையும்.

ஜூன் 1, ஞாயிறு

அண்ணன் தன் கம்பெனி நண்பரின் வேனைக் கேட்டு வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு வந்தான். வராதே என்று நான் சொன்னதை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அரங்கத்தில் ஏசி திணறிக்கொண்டிருந்தது. அண்ணி பெட்டியை வைத்து, வயர்களை மாட்டி, என் தாடைக்குக் கீழே கம்பியை நகர்த்திச் சரிசெய்தார். சுவிட்சைப் போடும்போது நான் விளக்கைப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது.

முதல் சுற்று குடியாத்தத்துப் பையன் ஒருவனோடு. கல்லூரி மாணவன். முதல் ஆட்டத்தில் விட்டுக்கொடுக்கிறான் என்று தெரிந்தது. அடிக்க வேண்டிய இடத்தில் நின்றான். "தம்பி, ஒழுங்கா ஆடு" என்றேன். ஒழுங்காக ஆடினான். ஆனாலும் ஜெயித்தேன்.

இரண்டாவது சுற்று ஆம்பூர் ரிஸ்வான். முப்பது வயதிருக்கும், பேக்கரி வைத்திருக்கிறாராம். உட்காரும்போது என் நாற்காலியையோ கம்பியையோ அவர் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இவர் விடமாட்டார் என்று. விடவில்லை. முதல் ஆட்டம் அவருக்கு, அடுத்தது எனக்கு. மூன்றாவதில் நான் உதைக்க வருவேன் என்று தெரிந்து ஒரு நொடி பின்வாங்கி நின்று, நான் காற்றில் இருக்கும்போது அடித்து முடித்தார். சுத்தமான அடி. "தேங்க்ஸ் மேடம், பயமுறுத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு எழுந்து போனார்.

பரிசு நேரம். மூன்று இடங்களுக்கும் கொடுத்த பிறகு, மைக்கில் என் பெயர். தன்னம்பிக்கைக்கான சிறப்புக் கேடயம். மேடைக்குப் படிதான் இருந்தது. நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக வந்துவிட்டார்கள். ஒருவர் கைப்பிடியைத் தொட்டும்விட்டார்.

வேண்டாம் என்றேன். மைக்கை இங்கே கொடுங்கள் என்றேன். சுதர்சனே இறங்கி வந்து என் வாயருகே பிடித்தார்.

"நான் ரெண்டாவது ரவுண்டுல தோத்துட்டேன். அதே ரவுண்டுல தோத்த மத்த மூணு பேரும் அங்க உக்காந்திருக்காங்க. அவங்களுக்குக் கேடயம் இருந்தா எனக்கும் கொடுங்க. இல்லன்னா எனக்கும் வேணாம். அடுத்த வருஷம் படி பக்கத்துல சரிவு ஒண்ணு போடுங்க, நானே ஏறி வரேன்."

  சுதர்சன் கேடயத்தைக் கீழே மேசையில் வைத்துவிட்டு, மைக்கில் நன்றியுரைக்கு அழைத்தார்.

வேனில் அண்ணி என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.  காட்பாடி தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது அண்ணன் கேட்டான்.

"அந்தக் கேடயத்த வாங்கியிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும்?"

"நான் தோத்தது கொறஞ்சிருக்கும்ணா."

பாலம் முடியும்வரை அதை யோசித்தான் போல. கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"சரி, அந்த பேக்கரிக்காரன் உன்ன எப்பிடித்தான் அடிச்சான்? எனக்குப் புரியவே இல்ல."

இத்தனை வருடத்தில் அண்ணன் என் ஆட்டத்தைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. நான் முதல் ஆட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவில் சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் வண்டியை எடுக்காமல் திரும்பி உட்கார்ந்து, "இரு இரு, அவன் பின்னாடி போனது உனக்குத் தெரியலயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.